பழைய சீடி 200 எண்ணெய் கசிகிறதா? கேஸ்கட்டைத் தொடும் முன் எஞ்சினுக்கு மூச்சு விடுங்கள்

என்னிடம் இருப்பது ஹொண்டா சீடி 200 ரோட்மாஸ்டர் மோட்டார் சைக்கிள். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு நாளும் போய் வருகிறேன். இரண்டு வருடமாக ஒரே தலையிடி: சிலிண்டர் அடியிலும் கியர் மிதிக்கும் தண்டு வெளியே வரும் இடத்திலும் எண்ணெய் கசிவு. எஞ்சின் பாகங்கள் பொருந்தும் இடத்தில் வைக்கும் தகட்டை, அதாவது கேஸ்கட்டை, மூன்று தடவை மாற்றினேன். கடைசித் தடவை போன கராஜில் விளிம்பெல்லாம் சிலிக்கோன் பசையை அப்பி அனுப்பினார்கள். இரண்டு கிழமையில் மறுபடியும் கசிந்தது. அடுத்த முறை நானே கழற்றிப் பார்த்தபோது பிதுங்கிய பசை உள்ளே வால் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. அது அறுந்து எண்ணெய்த் துவாரத்தை அடைத்திருந்தால் எஞ்சினே போயிருக்கும். அன்றிலிருந்து என் எஞ்சினுக்கு அருகில் சிலிக்கோன் பசை வந்ததில்லை.

கேஸ்கட்டில் குற்றமில்லை. உள்ளே அழுத்தம் தங்கியதுதான் காரணம். கிராங்க் கேஸின் (பிஸ்டன்களுக்கு அடியில் கிராங்க் தண்டு சுழலும் அறை) மூச்சுக் குழாயில், அதாவது பிரீதரில், ஒரு வழி வால்வு ஒன்றைப் போட்ட பிறகு கசிவு நின்றுவிட்டது. அதை எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

ஏன் இந்த எஞ்சினுக்கு இது அவசியம்

சீடி 200 இன் இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறும், ஒன்றாகவே இறங்கும். 360 பாகை கிராங்க் என்பது இதைத்தான். 53 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), 44 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), இரண்டு சிலிண்டரும் சேர்ந்து மொத்தம் 194 சிசி. பிஸ்டன்கள் கீழே வரும்போது அவற்றுக்கு அடியில் இருக்கும் காற்றில் 194 சிசி, கிட்டத்தட்ட ஒரு தேத்தண்ணிக் கிளாஸ் அளவு, ஒதுங்க இடம் தேடும். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடினால் இது விநாடிக்கு 100 தடவை நடக்கிறது. அதோடு பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டிக் கீழே இறங்கும் எரிந்த வாயுவும் சேர்கிறது. குழாய் ஒடுங்கியிருந்தாலோ அடைபட்டிருந்தாலோ அந்த அழுத்தம் சீல்களையும் (தண்டுகளைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) கேஸ்கட்டையும்தான் தள்ளும்.

ஒரு வழி வால்வு போட்டால், பிஸ்டன் இறங்கும்போது காற்று வெளியே போகும். ஏறும்போது வால்வு மூடிக்கொள்வதால் திரும்ப உள்ளே வராது. ஆகவே எஞ்சினுக்குள் சராசரி அழுத்தம் வெளிக்காற்றை விடக் குறைவாகவே இருக்கும். சீல் ஓரத்தில் நிற்கும் எண்ணெய் வெளியே தள்ளப்படுவதற்குப் பதிலாக உள்ளே இழுபடும்.

முதலில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள்

எண்ணெய் மட்டம் சரியா? வண்டியை நடு ஸ்டாண்டில் நிமிர்த்தி, எண்ணெய்க் கோலைத் துடைத்து, திருகாமல் துவாரத்தின் மேல் சும்மா வைத்து எடுத்துப் பாருங்கள். பழைய ஹொண்டாக்களில் அளப்பது இப்படித்தான். திருகி அளந்தால் கோல் இன்னும் ஆழமாக இறங்கி, இருப்பதை விடக் கூடுதலாகக் காட்டும். பக்க ஸ்டாண்டில் சாய்த்து அளப்பதும் பிழை. மட்டத்துக்கு மேல் ஊற்றிய எண்ணெயைக் கிராங்க் அடித்துக் கலக்கி மூச்சுக் குழாய் வழியே அனுப்பிவிடும்.

அடுத்தது ரிங். எஞ்சின் சூடான பின் ஐட்லிங்கில் எண்ணெய்க் கோலைக் கழற்றுங்கள். துவாரத்தில் காற்று துடிப்பது இயல்பு. கொசுவர்த்திச் சுருள் போல நீலப் புகை தொடர்ந்து வந்தால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு வால்வு மருந்தல்ல. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அமுக்கம்) பார்த்து, தேவையென்றால் எஞ்சினைத் திறக்கத்தான் வேண்டும்.

வாங்க வேண்டியவை

சிறிய காரின் பிரேக் பூஸ்டர் (பிரேக் மிதிப்பதை இலகுவாக்கும் பாகம்) குழாயில் இருக்கும் ஒரு வழி வால்வு. பஞ்சிகாவத்தையில் பழைய பாகக் கடைகளில் கிடைக்கும். வாங்கும் முன் கையில் எடுத்துக் குலுக்கிப் பாருங்கள், ஊதிப் பாருங்கள். இலேசாக ஊதினாலே திறக்க வேண்டும். கன்னம் உப்ப ஊத வேண்டியிருந்தால் அதன் ஸ்பிரிங் நமக்குக் கடினம், வேறொன்று கேளுங்கள். விநாடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டியது, பாரம் இல்லாமல் இருக்க வேண்டும். காசு அனுமதித்தால், உள்ளே மெல்லிய உலோக நாக்குள்ள ரீட் வால்வு இதைவிட நல்லது.

குழாய்க்குப் பெட்ரோல், எண்ணெய் தாங்கும் கறுப்பு ரப்பர் ஹோஸ் வாங்குங்கள். பழைய சோனகத் தெருவில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். உள்ளே போவது தெரிகிறது என்று பலர் விரும்புகிறார்கள், ஆனால் எஞ்சின் சூட்டில் அது மஞ்சளாகி, கல்லாகி, ஒருநாள் நிப்பிளிலிருந்து, அதாவது குழாய் மாட்டும் முனையிலிருந்து, கழன்று விழும். எஞ்சின் நிப்பிளின் விட்டத்தை முதலில் அளந்துகொண்டு போங்கள். அங்கிருந்து கடைசி வரை எந்த இடமும் அதைவிட ஒடுங்கக் கூடாது. வால்வின் துவாரமும் இதில் அடங்கும்.

எண்ணெய் சேரும் ஒரு சிறிய அலுமினியக் குப்பி, நான்கு ஹோஸ் கிளிப். திருகும் கிளிப்பை விட, குறடால் பிடித்து அமர்த்தும் ஸ்பிரிங் கிளிப்தான் என் தெரிவு. திருகு கிளிப்பை எல்லோரும் அளவுக்கு மீறி இறுக்கி ரப்பரை அறுத்துவிடுகிறார்கள்.

வேலை

எஞ்சினின் மேற்பகுதியிலிருந்து காற்றுப் பெட்டிக்கு (காற்று வடிகட்டி இருக்கும் பெட்டி) போகும் ரப்பர்க் குழாயைத் தேடுங்கள். உங்கள் மாதிரியில் இடம் மாறலாம். பெட்ரோலோ எண்ணெயோ கொண்டுபோகாமல் எஞ்சினிலிருந்து புறப்படும் தடித்த குழாய் அதுதான். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். என்னுடையதில் வளைவுக்குள் பழைய எண்ணெய் களிம்பாகி, பென்சில் போக மட்டுமே வழி விட்டிருந்தது. நிப்பிளையும் துணியால் சுற்றித் துடையுங்கள், குத்திக் கிளறி அழுக்கை உள்ளே தள்ளாதீர்கள்.

இப்போது வால்வு. இங்கேதான் நான் பிழை விட்டேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரேக் பூஸ்டர் வால்வின் மேல் பெரும்பாலும் ஓர் அம்புக்குறி இருக்கும். சிலவற்றில் எஞ்சின் பக்கம் என்றும் பொறித்திருக்கும். அதைப் பார்த்து அம்பை என் எஞ்சினை நோக்கி வைத்துப் பூட்டினேன். பம்பலப்பிட்டியைத் தாண்டும் முன்பே இடது சப்பாத்து எண்ணெயில் நனைந்துவிட்டது. காலி வீதி ஓரத்தில் நிறுத்திப் பார்த்தால் கியர்த் தண்டுச் சீல் பாதி வெளியே வந்திருந்தது.

காரில் அந்த வால்வின் வேலை வேறு. அங்கே எஞ்சின்தான் உறிஞ்சுகிறது. பூஸ்டரிலிருந்து காற்று எஞ்சினை நோக்கிப் போகிறது. அம்பு காட்டுவது அந்தத் திசையைத்தான். நமக்கோ காற்று எஞ்சினை விட்டு வெளியேற வேண்டும். ஆகவே அம்பு எஞ்சினுக்கு முதுகைக் காட்ட வேண்டும். மாற்றிப் போட்டால் பிஸ்டன் ஏறும்போது வெளிக்காற்று உள்ளே வரும், இறங்கும்போது வெளியேற வழியிருக்காது. வால்வே இல்லாததை விட இது மோசம்.

அம்பை நம்பாமல் வாயை நம்புங்கள். வால்வைச் சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, எஞ்சின் பக்கம் வரப்போகும் முனையில் ஊதுங்கள். தாராளமாகப் போக வேண்டும். அதே முனையில் உறிஞ்சினால் காற்று வராமல் உங்கள் நாக்கு ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறகு அந்த முனையில் நெயில் பொலிஷால் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி எஞ்சினைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வால்வை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். எஞ்சினுக்கும் வால்வுக்கும் இடையே நீளமான குழாய் இருந்தால் அதற்குள் இருக்கும் காற்றே பஞ்சு போல அமுங்கி விரிந்து வால்வின் வேலையைக் கெடுக்கும். என்னுடையதை நிப்பிளிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் வால்வு என்பதால் சிலிண்டர்த் தகடுகளில் முட்டக் கூடாது. வால்வு வரை குழாய் மேல்நோக்கி ஏறட்டும், ஆவி குளிர்ந்து சொட்டாகும் எண்ணெய் திரும்ப எஞ்சினுக்குள் வடியும். வால்வைத் தாண்டியது திரும்பி வராது, அதற்குத்தான் குப்பி.

குப்பியில் உள்ளே வரும் குழாயைப் பாதி ஆழம் வரை இறக்குங்கள்; வெளியே போவது மூடியிலேயே இருக்கட்டும். இடையில் பாத்திரம் தேய்க்கும் அகலச் சுருள் எஃகு கொஞ்சம் வைத்தால் எண்ணெய்த் துளிகள் அதில் ஒட்டி இறங்கும். மயிர் போன்ற மெல்லிய எஃகுப் பஞ்சு வேண்டவே வேண்டாம், அது உதிர்ந்து காபரேட்டருக்குப் போகும்.

வெளிக் குழாயைப் பழையபடி காற்றுப் பெட்டிக்கே கொண்டு போங்கள். சங்கிலிக்கு எண்ணெய் கிடைக்கும் என்று சொல்லிப் பின்பக்கம் தொங்கவிடுகிறார்கள். அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அந்த எண்ணெய் பின் ரயரில் விழுந்தால், மழை தூறிய காலி வீதியில் ஒரு திருப்பத்தில் ஆளே போய்விடலாம். ஆவியும் ஊர்க் காற்றில் கலக்காமல் எஞ்சினுக்குள்ளேயே எரியட்டும்.

சரியாக வேலை செய்கிறதா?

மருந்துக் கடையில் ஒரு சோடி ரப்பர் கையுறை வாங்குங்கள். எஞ்சின் சூடாகி ஐட்லிங்கில் இருக்கும்போது எண்ணெய்க் கோலைக் கழற்றிவிட்டு, ஒரு கையுறையின் வாயை அந்தத் துவாரத்தின் மேல் இழுத்து மூடிப் பிடியுங்கள். வால்வு போடும் முன் என் எஞ்சினில் விரல்கள் ஐந்தும் எழுந்து நின்றன. போட்ட பிறகு கையுறை துவாரத்துக்குள் சுருங்கியது. எழுந்து நின்றால் வண்டியை ஓட்டாதீர்கள், புள்ளி எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

பிறகு சேர்த்தவை

இதைப் படித்த பலர் பதறிக் கேட்டது: குப்பியில் பால் தேத்தண்ணி நிறத்தில் சேர்கிறது, ஹெட் கேஸ்கட் போய்விட்டதா? இது காற்றால் குளிரும் எஞ்சின், உள்ளே தண்ணீரே கிடையாது. எரியும் பெட்ரோலிலிருந்து வரும் நீராவியும் கொழும்பின் ஈரக்காற்றும் குளிர்ந்து எண்ணெயோடு கலந்ததுதான் அது. கொட்டாஞ்சேனைக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஓடி நிறுத்தும் வண்டிகளில் அதிகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீர்கொழும்பு வரை ஒரு தடவை போய் வாருங்கள். குப்பியைக் காலி செய்யும்போது வடிகாலில் ஊற்ற வேண்டாம், கராஜின் கழிவெண்ணெய் பீப்பாவில் சேருங்கள்.

சீஜி 125 வைத்திருப்பவர்கள் கேட்டார்கள். ஒற்றைச் சிலிண்டரிலும் பிஸ்டனுக்கு அடியில் இதே கதைதான், பலன் உண்டு. பழைய சீபி 350 போல 180 பாகை கிராங்க் என்றால் ஒரு பிஸ்டன் ஏறும்போது மற்றது இறங்கும். மொத்தக் கொள்ளளவு பெரிதாக மாறாததால் வால்வின் பலனும் குறைவு. அவர்கள் குழாயைச் சுத்தம் செய்து பெரிதாக்கினாலே போதும். உங்களுடையது எது என்று தெரியவில்லையா? இரண்டு பிளக்கையும் கழற்றி, துவாரங்களில் நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ரோ ஒவ்வொன்று வைத்து, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்துங்கள். ஒன்றாக ஏறினால் 360. ஈர்க்கை மட்டும் விடாதீர்கள், முறிந்து உள்ளே விழும்.

மட்டக்களப்பிலிருந்து ஒரு தம்பி, வால்வு போட்ட பின் வண்டி இழுக்கவில்லை, பிளக் வெள்ளையாகிறது என்று எழுதினார். படம் அனுப்பச் சொன்னேன். குப்பியைக் காற்றுப் பெட்டியோடு இணைக்காமல் விட்டவர், பெட்டியிலிருந்த பழைய நிப்பிளைத் திறந்தபடியே விட்டிருந்தார். வடிகட்டியைத் தாண்டிய பக்கத்தில் அது இருந்ததால் தூசுக் காற்று நேராக உள்ளே போயிருக்கிறது. குப்பியின் குழாயை அதில் மாட்டிய அன்றே சரியாகிவிட்டது.

வால்வை ஒவ்வோர் எண்ணெய் மாற்றத்தின்போதும் கழற்றி ஊதிப் பார்க்கிறேன். பசை பிடித்து மூடியபடி நின்றுவிட்டால் முதலில் தெறிப்பது சீல்தான். ஒரு மேலதிக வால்வு எப்போதும் என் ஆயுதப் பெட்டியில், அதே பக்கத்தில் புள்ளி வைத்தபடி, இருக்கிறது.