கலப்பட உணவு மேல் புகாரா? முதலில் பாக்கெட்டை வீசாதீர்கள்

ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்ததும், வந்த கோபத்தில் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறோம். பாதி வழக்கு அதோடு போச்சு.

1. அப்படியே எடுத்து வையுங்கள்

மிச்சத்தை வேறு டப்பாவுக்கு மாற்ற வேண்டாம். கெட்டுப்போகும் பொருள் என்றால் வாயைக் கட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பில்லோடு சேர்த்து எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுங்கள். பேட்ச் எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் கொஞ்சம் வேலை: அடியிலோ ஒட்டிய மடிப்பிலோ புள்ளி புள்ளியாக அடித்திருப்பார்கள், ஈரக் கை பட்டால் சில சமயம் அழிந்தே போகும். அது ஏன் முக்கியம்? பிரித்த பாக்கெட்டைக் காட்டினால், "வீட்டில் என்ன கலந்தார்களோ" என்று விற்றவர் கேட்டுவிடுவார். அதே பேட்ச்சில் பிரிக்காத ஒன்றை அதிகாரியே எடுத்து சீல் வைத்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

2. எது தப்பு என்று பிரியுங்கள்

கலப்படம் வேறு, பொய் லேபிள் வேறு, கெட்டுப்போனது வேறு. லேபிள் விஷயத்தில் ஆய்வகமே தேவைப்படாமல் போகலாம். சர்வதேச உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் 1985 லேபிள் தரநிலைப்படி, சேர்த்த பொருட்களை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும். பின்பக்கம் தண்ணீர், சர்க்கரை, அப்புறம்தான் பழம். முன்பக்கம் பெயரோ வெறும் 'பழச்சாறு' என்றால், சரி, கேள்வி கேட்க இடம் கிடைத்துவிட்டது.

3. சந்தேகத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள்

ஆய்வகம் தேடியதைத்தான் கண்டுபிடிக்கும். 2008-ல் சீனாவில் அம்பலமான பால்பவுடர் மோசடியில் நடந்தது இதுதான். புரதச் சோதனை அளந்தது நைட்ரஜனை. பாலில் கலந்தது மெலமைன், பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வேதிப்பொருள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் ஊற்றிய பால் அதனால் நல்ல பாலாகத் தேறியது. 2013-ல் ஐரோப்பாவில் மாட்டிறைச்சி என்று விற்றதில் குதிரை இறைச்சி இருந்ததைக் காட்டியது டிஎன்ஏ சோதனை. அதனால் நிறமா, வாசனையா, அடியில் தங்கிய தூளா, பார்த்ததை அப்படியே எழுதுங்கள். தண்ணீரில் கரைத்துப் பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகள் சந்தேகப்பட உதவும், சாட்சிக்கு உதவாது.

4. புகார்

உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதுங்கள்: வாங்கிய தேதி, இடம், பேட்ச் எண், பிரித்த நாள். 'விஷம்', 'கொள்ளைக்காரர்கள்' எல்லாம் வேண்டாம். உடம்புக்கு ஏதாவது ஆகியிருந்தால் மருத்துவர் சீட்டையும் இணையுங்கள். புகார் எண் வாங்காமல் வராதீர்கள். முடிவு வரும்முன் கடைப் பெயரை ஊரறியப் போட்டால், அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பலாம்.

ஃப்ரிட்ஜில் இருக்கும் பாக்கெட் மேல் 'தொடாதே' என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது எடுத்துச் சாப்பிட்டுவிடப் போகிறார்கள்.