எஞ்சினின் குணம் பார்க்காமல் பைக் எடுப்பதில் நேரும் தவறுகள்

புதிதாக பைக் எடுக்கப் போகிறவரிடம் எதை வைத்து முடிவு செய்கிறீர்கள் என்று கேட்டால், சிசி, குதிரைத்திறன், மைலேஜ், விலை என்று நான்கையும் வரிசையாகச் சொல்வார். இவற்றைப் பார்ப்பது அவசியம்தான். ஆனால் வண்டி வீட்டுக்கு வந்த பிறகு அன்றாடம் நம் கையும் காலும் முதுகும் உணர்வது வேறொன்று: ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் வண்டி எப்படி இழுக்கிறது, எந்த வேகத்தில் அமைதியாக ஓடுகிறது, எந்த இடத்தில் உதறத் தொடங்குகிறது என்பது. இதைத்தான் எஞ்சினின் குணம் என்கிறோம். இதைப் பொருட்படுத்தாமல் ஆசைப்பட்டு எடுத்த வண்டியை ஓராண்டுக்குள் நஷ்டத்துக்கு விற்றவர்கள் பலரை நான் அறிவேன். அவர்களில் யாருடைய வண்டியும் மோசமான வண்டி இல்லை.

மிகப் பெரிய தவறு, உச்சபட்ச எண்ணைப் பார்த்துவிட்டு அந்த எண் எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) கிடைக்கிறது என்பதைப் பார்க்காமல் விடுவது. 2021-இல் புதிய எஞ்சினுடன் வந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 20 குதிரைத்திறனை 6,100 ஆர்பிஎம்மிலும், 27 நியூட்டன் மீட்டர் டார்க்கை (சுழற்றும் விசையை) 4,000 ஆர்பிஎம்மிலும் தருகிறது. 373 சிசி எஞ்சினுடன் வந்த கேடிஎம் 390 டியூக்கோ சுமார் 43 குதிரைத்திறனை 9,000 ஆர்பிஎம்மிலும், 37 நியூட்டன் மீட்டரை 7,000 ஆர்பிஎம்மிலும் தருகிறது. இரண்டும் ஒற்றை சிலிண்டர் வண்டிகள். சிசியிலும் பெரிய வேறுபாடு இல்லை. திறன் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதைப் பார்த்து, இரண்டாவது வண்டி எல்லா நேரத்திலும் இரண்டு மடங்கு வேகமாக இழுக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். ஊருக்குள் ஓட்டும்போது ஆர்பிஎம் முள் பெரும்பாலும் 5,000-க்குக் கீழேயே நிற்கிறது. அந்த 43 குதிரைகளில் பெரும்பகுதி அங்கே வெளியே வருவதே இல்லை.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் விளம்பரத்தைப் படிக்கும் கண்ணே மாறிவிடும். கிளாசிக்கின் சிலிண்டர் 72 மில்லிமீட்டர் விட்டமும், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரமான ஸ்ட்ரோக் 85.8 மில்லிமீட்டரும் கொண்டது. டியூக்கில் விட்டம் 89, ஸ்ட்ரோக் வெறும் 60 மில்லிமீட்டர். ஒரு சுற்றில் பிஸ்டன் ஸ்ட்ரோக்கின் இரு மடங்கு தூரம் ஓட வேண்டும் என்பதால், கிளாசிக் 6,100 ஆர்பிஎம்மில் ஓடும்போது அதன் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 17.4 மீட்டர், டியூக் 9,000-இல் ஓடும்போது 18 மீட்டர். அதாவது, முள் மூவாயிரம் தள்ளி நின்றாலும் உள்ளே இரண்டு பிஸ்டன்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின் உயர்ந்த ஆர்பிஎம்முக்குப் போக மறுப்பது அதன் சோம்பேறித்தனம் அன்று. அதன் உடம்பு வாகு அது. சுழற்சியைச் சீராக வைக்கும் கனமான ஃப்ளைவீலும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தாழ்ந்த ஆர்பிஎம்முக்கு ஏற்றதாக அமைவதும் சேரும்போது அந்த வாகு இன்னும் உறுதியாகிறது.

இதைக் கண்ணால் காண கொல்லிமலைக்குப் போகலாம். காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், பின்னால் ஒருவரும் ஒரு பையும் இருக்க, இரண்டாம் கியரில் வேகம் 15 கிலோமீட்டருக்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீண்ட ஸ்ட்ரோக் எஞ்சின் தட் தட்டென்று நிதானமாக அடித்துக்கொண்டு, கியரை மாற்றாமலேயே வண்டியை மேலே இழுத்துவிடும். குறுகிய ஸ்ட்ரோக் எஞ்சினோ அந்த இடத்தில் திக்கும். செயின் வெட்டி வெட்டி இழுக்கும். ஓட்டுபவர் முதல் கியருக்கு இறங்க வேண்டும் அல்லது கிளட்சைப் பாதி பிடித்துச் சமாளிக்க வேண்டும். அதே இரு வண்டிகளும் நான்கு வழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பேருந்தைத் தாண்ட வேண்டிய நிலைக்கு வரும்போது நிலைமை தலைகீழாகிவிடும். முதல் வண்டிக்காரர் முன்னே வெகுதூரம் காலியாக இருக்கிறதா என்று பார்த்துக் காத்திருப்பார். இரண்டாமவர் ஒரு கியர் இறக்கித் திருகினால் காரியம் முடிந்தது. எந்தச் சாலை உங்களுக்கு வாய்த்தது என்பதுதான் கேள்வி.

சிசி கூடினால் வண்டி சுறுசுறுப்பாகும் என்று நம்புவதும் இதே வகைத் தவறு. 1985 முதல் 1996 வரை இங்கே விற்ற யமஹா ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை சுமார் 100 கிலோ. 195 கிலோ எடையுள்ள கிளாசிக் 350-இன் 20 குதிரைத்திறனோடு ஒப்பிட்டால், கிலோவுக்கு இவ்வளவு திறன் என்ற கணக்கில் அந்தச் சின்ன வண்டிதான் சற்று முன்னே நிற்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை எரியும் அதன் டூ ஸ்ட்ரோக் எஞ்சினின் துடிப்பே வேறு. அந்தத் துடிப்பைத் தேடி 350 சிசி வண்டியை எடுத்து ஏமாந்தவர்களுக்கு, வேண்டியது எடை குறைந்த வண்டியும் உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓடும் எஞ்சினும் என்பதை யாரும் சொல்லவில்லை.

டெஸ்ட் ரைடில் நடக்கும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் இருக்கையின் உயரமும் கிளட்சின் கனமும் தெரியும், எஞ்சின் தெரியாது. யமஹா ஆர்15-இன் 155 சிசி எஞ்சினில் 7,400 ஆர்பிஎம்முக்கு மேல் இன்னொரு கேம் வேலைக்கு வருகிறது. தெருவுக்குள் மூன்றாம் கியரில் 40-இல் உருட்டிப் பார்த்தவர் அந்த எஞ்சினின் ஒரு முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறார். ஆகவே அரை மணி நேரமாவது கேட்டு வாங்குங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின் மேல் கியரில் மெதுவாகப் போய், கியரை மாற்றாமல் திருகிப் பாருங்கள். அது எங்கே திக்குகிறது, எங்கே பிடிக்கிறது என்பதைக் கவனியுங்கள். பிறகு நீங்கள் வழக்கமாகப் போகும் நெடுஞ்சாலை வேகத்தில் கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் வரும் லாரியின் முகப்பு கலங்கலாகத் தெரிந்தால், அந்த வேகத்தில்தான் அதிர்வு உச்சத்தில் இருக்கிறது என்று பொருள். உங்கள் அன்றாட வேகமும் அதுவானால், இரண்டு மணி நேரப் பயணத்துக்குப் பின் உள்ளங்கை மரத்துப்போகும். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்று பார்ப்பதும் நல்லது. லிக்விட் கூலிங் வண்டிகளில் விசிறி சுழன்று தள்ளும் வெப்பக்காற்று காலில் படுகிறதா என்பது அங்கேதான் தெரியும்.

பழைய நினைவை வைத்துப் புதிய வண்டியை முடிவு செய்வதும் வேண்டாம். பழைய 346 சிசி என்ஃபீல்டு எஞ்சினில் அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட் இல்லை. 2020-இல் மீட்டியார் 350-உடன் வந்த எஞ்சினில் இருக்கிறது. முன்னதன் அதிர்வை வெறுத்தவரும் சரி, விரும்பியவரும் சரி, புதியதை ஓட்டிப் பார்த்த பிறகே பேச வேண்டும்.

சத்தத்தைக் கேட்டு மயங்குவது இன்னொன்று. 2018-இல் வந்த ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-இன் இரட்டை சிலிண்டர்கள் 270 டிகிரி கிராங்கில் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டில்) அமைந்திருப்பதால், ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே 270 டிகிரி, 450 டிகிரி என்று மாறி மாறி இடைவெளி விழுகிறது. அந்தத் தாளம் எஞ்சினின் பிறவிக் குணம். ஆனால் ஒற்றை சிலிண்டர் வண்டியில் சைலன்சரை மாற்றினால் ஒலிதான் பெருகும், இழுவை பெரிதாக மாறாது. செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் இழுவை ஓரளவு மாறும் என்பது உண்மை: முன் ஸ்ப்ராக்கெட்டில் 15 பல்லுக்குப் பதில் 14 பல் போட்டால், அதே வேகத்தில் எஞ்சின் சுமார் 7 சதவீதம் கூடுதலாகச் சுற்றும். ஏற்றத்தில் பிக்கப் கூடும். நெடுஞ்சாலையில் அதிர்வும் பெட்ரோல் செலவும் கூடும். வாங்கும்போதே இப்படி மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறவர், பெரும்பாலும் தவறான வண்டியின் முன் நின்றுகொண்டிருக்கிறார்.

கடைசியாக, உங்களுடன் வழக்கமாகப் பின்னால் உட்காருபவரை டெஸ்ட் ரைடுக்கு அழைத்துச் செல்லுங்கள். தனியாக ஓட்டும்போது துள்ளலாகத் தோன்றும் எஞ்சின், இன்னொருவர் ஏறியதும் ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அவருடைய ஹெல்மெட்டை உங்கள் ஹெல்மெட்டில் மோத வைக்கலாம். முன்பணம் கட்டுவதற்கு முன்பே அவர் அதைச் சொல்லட்டும்.