ப்ரொஃபைலரை மூன்று துண்டாக எழுதுவது எப்படி?

பைத்தானில் சின்னதாக ஒரு ப்ரொஃபைலர், அதாவது நிரலின் நேரம் எந்த ஃபங்ஷனில் போகிறது என்று அளக்கும் கருவி, எழுத உட்கார்ந்தால், ஸ்டாக்கை (அந்தக் கணத்தில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்திருக்கிறது என்ற அடுக்கை) எடுப்பது, எண்ணுவது, படம் வரைவது எல்லாவற்றையும் ஒரே கிளாஸுக்குள் திணிக்கத்தான் கை போகும். ஓடவும் செய்யும். ஆனால் படத்தில் நிறத்தை மாற்றப் போனால் சாம்பிள் எடுக்கும், அதாவது விட்டு விட்டு ஸ்டாக்கை எட்டிப் பார்க்கும், இடம் உடையும். அதனால் தொடக்கத்திலேயே பிரித்துவிடுவோம்.

படி 1: நடுவில் போகும் வரி

கோட் எழுதும் முன், துண்டுகளுக்கு இடையே என்ன போகும் என்று முடிவு செய்யுங்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். பிரெண்டன் கிரெக் 2011-இல் உருவாக்கிய ஃபிளேம் கிராஃபுக்கான (அழைப்பு அடுக்குகளை அகலம் வேறுபடும் பட்டைகளாகக் காட்டும் படத்துக்கான) வடிவமே போதும்:

மெயின்;கோப்பைப்படி;வரியைப்பிரி 42

மெயின் கோப்பைப்படியை அழைத்தது, அது வரியைப்பிரியை அழைத்தது, இந்த அடுக்கு 42 சாம்பிளில் கண்ணில் பட்டது. அவ்வளவுதான், வெறும் டெக்ஸ்ட்.

படி 2: சாம்பிளர்

தனி த்ரெட் ஒன்றில், சிஸ் மாட்யூலின் கரன்ட் ஃபிரேம்ஸ் (sys._current_frames) ஃபங்ஷனை அழைத்தால் ஒவ்வொரு த்ரெட்டிலும் அப்போது ஓடும் அழைப்பு ஒரு ஃபிரேமாகக் கிடைக்கும்; ஒவ்வொரு ஃபிரேமிலிருந்தும், அதை அழைத்த ஃபிரேமைக் காட்டும் எஃப்-பேக் (f_back) வழியாக மேலே ஏறி ஃபங்ஷன் பெயர்களைச் சேருங்கள். உள்ளிருந்து வெளியே வருவதால் பட்டியலைத் தலைகீழாக்க வேண்டும். சாம்பிளரின் சொந்த த்ரெட்டை மறக்காமல் தவிர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அது தன்னையே அளந்துகொண்டிருக்கும். நொடிக்கு 99 முறை எடுங்கள். 100 என்று வைத்தால் அதே தாளத்தில் ஓடும் வேறு டைமரோடு ஒத்துப்போய், திரும்பத் திரும்ப ஒரே இடத்தைப் பார்க்க நேரலாம். கிடைத்ததை க்யூவில் போட்டுவிட்டு உடனே தூங்கப் போகட்டும். இங்கே டெக்ஸ்ட் ஆக்குவதும் கோப்பில் எழுதுவதும் கூடாது, அளக்கப்படும் நிரலின் நேரத்தைத்தான் அது தின்னும்.

படி 3: எண்ணுபவர்

க்யூவிலிருந்து எடுத்து ஒரு கவுன்ட்டரில் போட்டு, முடிவில் படி 1-இன் வடிவத்தில் வரிகளாக ஒரு கோப்பில் எழுதினால் சரி.

படி 4: வரைபவர்

இது கோப்பை மட்டும் படிக்கும். சாம்பிளரை இம்போர்ட் செய்யவே கூடாது, அந்த ஒரு வரி வந்துவிட்டால் பிரித்ததற்கு அர்த்தமே இல்லை. வரியைக் கடைசி இடைவெளியில் வெட்டுங்கள், முதல் இடைவெளியில் அல்ல, ஏனென்றால் இதே வடிவத்தில் வேறு மொழி நிரலின் கோப்பும் வரலாம், சி பிளஸ் பிளஸ் ஃபங்ஷன் பெயர்களுக்குள்ளேயே இடைவெளி வரும். சோதிக்க எந்த நிரலையும் ஓட்ட வேண்டியதில்லை, கையாலேயே மூன்று வரி டைப் செய்து கொடுங்கள்.

இப்படி வைத்தால், நாளைக்கு மெமரி எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால் 42 இருந்த இடத்தில் பைட் எண்ணிக்கை வரும், வரைபவருக்கு வித்தியாசமே தெரியாது. உங்கள் படம் பிடிக்கவில்லையா, அதே கோப்பை ஸ்பீட்ஸ்கோப் (speedscope) என்ற படம் காட்டும் கருவியில் திறக்கலாம்.

ஒரு விலை உண்டு. எண்ணிக் கூட்டியதும் எது முதலில் நடந்தது என்ற வரிசை போய்விடும். அது தேவைப்படும் என்றால் க்யூவில் போடும்போதே நேரத்தையும் சேர்த்துப் போட்டு, எண்ணுபவருக்குப் பக்கத்தில் அதைக் கோப்பில் எழுதும் இன்னொரு துண்டை வையுங்கள். ஒரே க்யூவை இருவர் படித்தால் சாம்பிள்கள் பங்கு பிரிந்துவிடும், அதனால் ஆளுக்கொரு க்யூ.