வண்டி வாங்கும்போதே பூட்டும் வாங்குங்கள்

நான் வெளிநாட்டுக்கு வந்த முதல் வருடம், ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வெளியே வந்தேன். சைக்கிள் ஸ்டாண்டில் என் முன்சக்கரம் மட்டும் நின்றிருந்தது. பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. மீதி வண்டியைக் காணோம். முன்சக்கரத்தை மட்டும் கம்பியோடு சேர்த்துப் பூட்டியிருந்தேன். அது குயிக் ரிலீஸ் சக்கரம், சின்ன பிடியைக் கையால் திருப்பினாலே கழன்று வந்துவிடும் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. முதல் பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன்.

டிரைவிங் லைசென்ஸ் எடுத்து, கார் வாங்கும்வரை நம்மில் பலருக்கு வேலைக்கும் வகுப்புக்கும் சைக்கிள்தான். பஸ் ஓடாத நேரத்து ஷிப்டை அதை நம்பித்தான் ஒத்துக்கொள்கிறோம். டெலிவரி வேலை செய்பவருக்கு வண்டி போனால் அன்றைய வருமானமே போச்சு. அப்புறம், மனசில் ஒரு பயம் ஒட்டிக்கொள்ளும். கடைக்குள் நிற்கும்போதும் கண் வாசலிலேயே இருக்கும். கனடாவின் மொன்ட்ரியால் நகரில் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் மெக்கில் பல்கலைக்கழகத்தினர் கேட்டபோது, கிட்டத்தட்ட பாதிப்பேர் ஒரு முறையாவது வண்டியைப் பறிகொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகு வேறு வண்டி வாங்காமலே விட்டவர்களும் அவர்களில் உண்டு. நானே நாலு மாதம் ஓட்டவில்லை.

அதனால் வண்டிக்குப் பணம் ஒதுக்கும்போதே பூட்டுக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். மெல்லிய கேபிள் பூட்டைத் தனியாக நம்பவே கூடாது. கையில் அடங்கும் கட்டர் இருந்தால் சில நொடிகளில் அறுத்துவிடலாம். பின்சக்கரத்தில் இருக்கும் வளையப் பூட்டு வண்டியை உருட்ட விடாது, அவ்வளவுதான். வேனில் தூக்கிப் போடுகிறவனுக்கு அது ஒரு தடையே இல்லை. யூ-லாக் (U வடிவத்தில் வளைந்த கனமான இரும்புப் பூட்டு) அல்லது கனமான சங்கிலி வாங்குங்கள். பிரிட்டனில் சோல்ட் செக்யூர், நெதர்லாந்தில் ஏ.ஆர்.டி. என்று பூட்டுகளைச் சோதித்துத் தரம் போடும் அமைப்புகள் உண்டு. அந்த முத்திரையைப் பார்த்து வாங்கலாம். பழைய யூ-லாக் யாராவது சும்மா கொடுத்தால் சாவித் துளையைப் பாருங்கள். வட்டமான குழாய் வடிவச் சாவி போடும் பூட்டாக இருந்தால் வேண்டாம். அந்த வகைப் பூட்டுகளைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் குழலை நுழைத்தே திறக்கலாம் என்பது 2004இல் வெளியே தெரிந்து பெரிய பரபரப்பானது.

ஆங்கிள் கிரைண்டரோடு, அதாவது இரும்பை அறுக்கும் மின்கருவியோடு வருகிறவனிடம் சாதாரண யூ-லாக்கும் நிற்காது. ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும், சத்தமும் வரும். அந்த நேரத்தையும் சத்தத்தையும்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பூட்டும் முறையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். யூ-லாக்குக்குள் ஃபிரேமும் பின்சக்கரமும் அசையாத கம்பியும் மூன்றும் மாட்ட வேண்டும். பூட்டுக்குள் காலி இடம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இடம் இருந்தால் கடப்பாரையோ ஜாக்கியோ உள்ளே போகும். பூட்டு தரையைத் தொடக்கூடாது. தரையில் கிடந்தால் அதன் மேலேயே சுத்தியலால் அடிக்கலாம். சாவித் துளை கீழ்நோக்கி இருக்கட்டும். முன்சக்கரத்துக்கு இரண்டாவதாக வேறு வகைப் பூட்டு ஒன்று போடுங்கள். லைட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

கம்பத்தையும் ஒரு தடவை பிடித்து ஆட்டிப் பாருங்கள். மேலே பலகை இல்லாத கம்பம் என்றால் வண்டியைப் பூட்டோடு தூக்கி எடுத்துவிடலாம். சில ஸ்டாண்டுகளை முன்கூட்டியே அறுத்து, அறுத்த இடத்தில் டேப்போ ஸ்டிக்கரோ ஒட்டி வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்துவிட்டோமே என்று அசந்துவிடவும் கூடாது. அபார்ட்மென்ட் சைக்கிள் அறையில் இருந்தும் தோட்டத்துக் கொட்டகையில் இருந்தும் நிறைய வண்டிகள் போகின்றன. பொது அறையானாலும் கம்பியோடு சேர்த்தே பூட்டுங்கள். வீட்டுக்குள் வைக்க இடமிருந்தால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். தீ விபத்தில் வெளியேறும் வழியை மட்டும் அடைக்கக்கூடாது.

சரி, இப்போது வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். பெடல்களை இணைக்கும் அச்சுக்கு நேர் கீழே, ஃபிரேமின் அடியில், பெரும்பாலும் ஒரு எண் பொறித்திருக்கும். சேறு படிந்திருந்தால் துணியால் துடையுங்கள். அந்த எண், முழு வண்டி, பில் மூன்றையும் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். என் வண்டி போனபோது போலீஸில் கேட்ட முதல் கேள்வி இந்த எண்தான். "நீல நிறம், பின்னால் கேரியர்" என்று மட்டுமே என்னால் சொல்ல முடிந்தது. பிரிட்டனில் பைக்ரெஜிஸ்டர், வட அமெரிக்காவில் பைக் இன்டெக்ஸ், புராஜெக்ட் 529 ஆகிய இணையப் பதிவேடுகளில் எண்ணைப் பதியலாம். ஜப்பானில் வண்டியைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். போலீஸ் ரோட்டில் நிறுத்திப் பதிவைச் சரிபார்ப்பதும் சகஜம், பதற வேண்டாம். பிரான்சில் 2021 முதல் கடைகளில் விற்கும் புது சைக்கிள்களில் அடையாள எண் பொறித்தே தருகிறார்கள்.

பழைய வண்டி வாங்கும்போது இதே எண்ணை அந்தப் பதிவேடுகளில் தேடிப் பாருங்கள். எண் இருக்கும் இடம் சுரண்டப்பட்டிருந்தாலோ, மின்சைக்கிளுக்குச் சார்ஜரும் சாவியும் இல்லை என்றாலோ, விலை நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தாலோ விலகி வந்துவிடுங்கள். திருட்டு வண்டி என்று தெரிந்தே வாங்குவது குற்றம். தெரியாமல் வாங்கியிருந்தாலும் சொந்தக்காரர் வந்தால் வண்டி கைவிட்டுப் போகலாம், கொடுத்த பணமும் திரும்பாமல் போகலாம். விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு போலீஸ் வழக்கு எவ்வளவு பெரிய தலைவலி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொருவரின் வேலையும் அந்த வண்டியில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

காப்பீடு எடுத்தால் எந்தத் தரப் பூட்டு கேட்கிறார்கள், வெளியே நிறுத்தியிருந்தாலும் பணம் தருவார்களா என்று படித்துவிடுங்கள். பூட்டின் பில்லையும் இரண்டு சாவிகளையும் பத்திரமாக வையுங்கள்.

வண்டி காணாமல் போனால் முதலில், நகராட்சி எடுத்துப் போயிருக்கிறதா என்று பாருங்கள். ஆம்ஸ்டர்டாமிலும் ஜப்பானிய நகரங்களிலும் தப்பான இடத்தில் நிறுத்திய சைக்கிள்களை அள்ளிக்கொண்டு போய் வைப்பதற்கென்றே கிடங்குகள் இருக்கின்றன. அங்கும் இல்லையென்றால் அன்றே போலீஸில் புகார் கொடுங்கள். பல இடங்களில் இணையத்திலேயே கொடுக்கலாம், பிரிட்டனில் 101க்கு அழைக்கலாம். மொழி சரியாக வராதே என்றும், நமக்கெதற்கு போலீஸ் என்றும் நிறையப் பேர் போகாமல் இருந்துவிடுகிறார்கள். புகார் கொடுப்பது உங்கள் உரிமை. புகார் எண் இல்லாமல் காப்பீட்டுப் பணம் கிடைப்பதும் கஷ்டம். பழைய பொருள் விற்கும் தளத்தில் உங்கள் வண்டியைப் பார்த்துவிட்டால் தனியாகக் கிளம்பிப் போய் நிற்காதீர்கள். படத்தைச் சேமித்துப் போலீஸிடம் காட்டுங்கள்.

அன்றே வேலை இடத்திலும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். தாமதமாக வந்த பிறகு சொல்வதைவிட முன்னால் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். கூட இருப்பவர்களிடமும் சொல்லுங்கள். நான் யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நாலு மாதம் நடந்தேன். ஐந்தாவது மாதம் பக்கத்து அறை அண்ணன் தன் பழைய வண்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, கனமான யூ-லாக் ஒன்றையும் கையில் கொடுத்தார். "பூட்டை எப்படிப் போடுறேன்னு பாரு" என்று இரண்டு முறை போட்டுக் காட்டினார். மூன்றாவது முறை என்னைப் போடச் சொன்னார்.