மைதானத்தில் நன்கொடைக் குலுக்கல்: விழாக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டு ஹாக்கி, கால்பந்து மைதானங்களில் ‘50/50’ என்று ஒரு டிஜிட்டல் குலுக்கல் நடக்கிறது. ரசிகர்கள் செல்போனிலேயே சீட்டு வாங்குவார்கள். சேரும் தொகை பெரிய திரையில் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பாதி வென்றவருக்கு, பாதி அறக்கட்டளைக்கு. கனடாவில் இதற்கு மாகாண உரிமம் வேண்டும். பிரிட்டனில் சிறிய சங்கங்கள் உள்ளாட்சியில் பதிவு செய்ய வேண்டும்; வசூலில் குறைந்தது 20% நோக்கத்துக்குப் போக வேண்டும்.

வேலூர்ப் பக்கம் கபடி, கைப்பந்து, டென்னிஸ் பந்து கிரிக்கெட் நடத்தும் குழுக்கள் இதை அப்படியே இங்கே இறக்க நினைப்பதுதான் முதல் தவறு. “க்யூஆர் ஒட்டி, ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கி, ஒரு பைக்கைக் குலுக்கலில் விட்டால் டயாலிசிஸ் உதவிக்குப் பணம் சேர்ந்துவிடுமே” என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் மற்ற தவறுகளைப் போல இதைப் பிறகு சரிசெய்ய முடியாது, வழக்காகிவிடும்.

பணம் கட்டுவது, அதிர்ஷ்டத்தில் விழுவது, பரிசு வாங்குவது: இந்த மூன்றும் சேர்ந்தால் லாட்டரி. 1998-ம் ஆண்டு மத்திய லாட்டரிச் சட்டப்படி அதை மாநில அரசுதான் நடத்தலாம். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லா லாட்டரிக்கும் தடை. 1968-ல் அரசே பரிசுச் சீட்டு விற்று “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்று சொன்ன காலம் போய்விட்டது. அனுமதியில்லாத லாட்டரிக்கு இடம் வைத்து நடத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 297-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் செய்தவருக்குத் தனியாக 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. சீட்டுக்கு ‘நன்கொடை ரசீது’ என்று பெயர் வைத்தாலும் உள்ளே இருப்பது அதேதான்.

ஆகவே பணத்தையும் பரிசையும் அடியோடு பிரித்துவிடுங்கள். நன்கொடை தனி, அதற்குக் கைமாறு எதுவும் இல்லை. குலுக்கல் தனி. வாசலில் வருகிற எல்லோருக்கும் இலவச டோக்கன், பணம் போட்டவருக்கும் போடாதவருக்கும் ஒன்றே ஒன்று. உற்சாகத்தில் யாராவது மைக்கைப் பிடித்து “நூறு ரூபாய் போட்டால் இன்னும் இரண்டு டோக்கன்” என்று சொன்னால் பிரித்ததெல்லாம் வீண். அறிவிப்பாளருக்கு வாசகத்தை எழுதியே கொடுத்துவிடுங்கள். நுழைவுக் கட்டணம் உள்ள போட்டியில் டிக்கெட்டோடு டோக்கனைச் சேர்ப்பதிலும் இதே சிக்கல் வரும். அங்கே குலுக்கலே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. இலவசக் குலுக்கல் என்றாலும் திட்டத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். போட்டிக்கு அனுமதி கேட்டுக் காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவிலேயே அதையும் எழுதிவிடுங்கள்.

பரிசை வசூல் பணத்தில் வாங்கக் கூடாது. கடைக்காரர்கள் பொருளாகத் தரட்டும். பரிசின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டினால் 30% வரிப் பிடித்தம் உண்டு. பொருளாகக் கொடுத்தால், கையில் கொடுப்பதற்கு முன்பே வரி கட்டியாக வேண்டும். 90,000 ரூபாய் பைக் என்றால் 27,000 ரூபாய். மேடையேறிய கூலித் தொழிலாளியிடம் இதைக் கேட்பது கொடுமை. ஒரு பைக்குக்குப் பதிலாக ஆரணிப் பட்டு, ஆம்பூர் ஷூ, குடியாத்தம் லுங்கி என்று சின்னப் பரிசுகள் பல வையுங்கள்.

க்யூஆர் விஷயத்துக்கு வருவோம். செயலாளரின் சொந்த ஜிபே எண்ணில் வசூலிப்பது பெருந்தவறு. பணம் அவர் கணக்கில், கேள்வியும் அவர் தலையில். அறக்கட்டளையின் வங்கிக் கணக்கோடு இணைந்த க்யூஆர் மட்டுமே வேண்டும். ஸ்கேன் செய்தால் என்ன பெயர் வரும் என்பதை மைக்கில் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மோசடிக்காரர்கள் அதன் மேலே வேறு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள், அதனால் அரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து பாருங்கள். மூன்று மீட்டர் தூரத்திலிருந்து எடுக்க, க்யூஆர் 30 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். பளபளக்கும் ஃப்ளெக்ஸில் விளக்கொளி பட்டால் கேமரா திணறும். பளபளப்பில்லாத தாளில் அச்சிடுங்கள்.

கபடியில் இடைவேளை ஐந்து நிமிடம்தான். அப்போது மட்டும் “எல்லோரும் போனை எடுங்கள்” என்று அறிவித்தால் இரண்டாயிரம் பேர் ஒரே டவரில் மோதுவார்கள். பணம் ‘பெண்டிங்’கில் நிற்கும், பலர் இரண்டாம் முறை போடுவார்கள். கணக்கில் சேராமல் பிடிபட்ட தொகை தானாகத் திரும்பும். கடை க்யூஆர் என்றால் அதற்கு ஐந்து நாள் வரை ஆகலாம். வாசல், டீக்கடை, வண்டி நிறுத்துமிடம் என்று க்யூஆரைப் பரப்பி வையுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பி ரசீது எழுதாதீர்கள். 12 இலக்கப் பரிவர்த்தனை எண் உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று பாருங்கள்.

குலுக்கல்தான் ஊர் முழுக்கக் கண் வைக்கும் இடம். லேப்டாப்பில் எக்செலின் ‘ரேண்ட்பிட்வீன்’ (ஏதோ ஒரு எண்ணைத் தானாக எடுத்துத் தரும் சூத்திரம்) போட்டுத் திரையில் காட்டுகிறார்கள். அந்த எண் நிலைத்து நிற்காது. வேறு ஒரு கட்டத்தில் ஏதாவது தட்டினாலே மாறிவிடும். அறிவித்த எண் கண்ணெதிரே மாறினால் கூட்டம் சும்மா இருக்குமா? 0 முதல் 9 வரை எழுதிய பத்துப் பந்துகளும் ஒரு கண்ணாடிக் குடமும் போதும். ஓர் இலக்கத்துக்கு ஒரு பந்து. எடுத்த பந்தை மறுபடி உள்ளே போட்டுவிட்டு அடுத்தது.

இதிலும் ஒரு பிழை நுழையும். 1 முதல் 2350 வரை டோக்கன் கொடுத்திருக்கிறீர்கள். நேரம் மிச்சமாகட்டும் என்று முதல் இலக்கத்துக்கு 0, 1, 2 பந்துகளை மட்டும் போடுவார்கள். எண் 2350-ஐத் தாண்டினால் முதல் இலக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற மூன்றை மட்டும் மறுபடி எடுப்பார்கள். அப்போது 2000 முதல் 2350 வரை உள்ள 351 பேருக்கே மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு போய்விடும். மற்றவர்களைவிட அவர்களுக்குச் சராசரியாக ஏறக்குறைய மூன்று மடங்கு வாய்ப்பு. சரியான முறை: நான்கு இலக்கத்துக்கும் பத்துப் பந்தும் இருக்கட்டும், 2350-ஐத் தாண்டினாலோ 0000 வந்தாலோ நான்கையும் முதலிலிருந்து எடுங்கள். கடைசி டோக்கன் எண்ணைக் குலுக்கலுக்கு முன்பே மைக்கில் அறிவித்து, எழுதிச் சிறப்பு விருந்தினர் கையில் கொடுத்துவிடுங்கள். வென்றவரின் முழு போன் எண்ணைத் திரையில் போட வேண்டாம்.

ரசீது விஷயம் சுருக்கம்தான். 80ஜி பதிவு (நன்கொடை தருபவருக்கு வருமான வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் பதிவு) இல்லாத சங்கம் ‘வரிவிலக்கு உண்டு’ என்று அச்சிடக் கூடாது. பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்குக் கழிவு கிடையாது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அவர் தருவது வெளிநாட்டு நிதி ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் தருவது வெளிநாட்டு நிதி. எஃப்சிஆர்ஏ எனும் வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை வருமான வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். அதற்கு யுபிஐ காட்டும் பெயர் மட்டும் போதாது என்பதால், 80ஜி கேட்பவரிடம் பான் எண்ணையும் முகவரியையும் மைதானத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.