குரோமியத்தை பாக்டீரியா நிஜமாவே மாத்துதான்னு பார்க்கறது எப்படி

விஷமான குரோமியத்தை பாக்டீரியா விஷம் கம்மியான வடிவமா மாத்துதான்னு பிராஜெக்ட் எடுக்கிற பசங்க நிறைய பேர் ஃபிளாஸ்க்ல மஞ்ச கலர் போன உடனே பாக்டீரியா வேலை முடிஞ்சுதுன்னு ரிப்போர்ட் எழுதிடறாங்க, அது பத்தாதுங்க.

பாக்டீரியாவைப் பிரிச்செடுக்க மண்ணு எங்க எடுக்கறதுன்னு முதல்ல யோசிங்க. ராணிப்பேட்டைன்னாலே எல்லாரும் தோல் கம்பெனிகளைத்தான் திட்டுவாங்க, ஆனா தோல் பதனிடப் போடறது மூணாம் நிலை (ஆக்சிஜனேற்ற எண் +3) குரோமியம், அதுல விஷம் கம்மி. ஆறாம் நிலைதான் (+6, குரோமேட்ல இருக்கறது) ஆபத்து, அது அங்க 1990கள்ல மூடின குரோமேட் ஃபேக்டரியோட கழிவுல இருந்து வந்தது, லட்சம் டன்னுக்கு மேல கொட்டினது. குரோமேட் பார்க்க சல்பேட் மாதிரியே இருக்கறதால செல்லு ஏமாந்து சல்பேட் போற வழியிலயே உள்ள விட்டுடும், அங்க சில பாக்டீரியாவோட என்சைம் மூணு எலக்ட்ரானை அது தலைல கட்டி மூணாம் நிலைக்கு இறக்கிடும்.

ஆறாம் நிலை குரோமியம் கேன்சர் வரவைக்கிற சரக்கு, அதனால வீட்ல வேணாம், காலேஜ் லேப்ல கிளவுஸ் போட்டுதான். காய வச்ச பொட்டாசியம் டைகுரோமேட் 2.829 கிராம் எடுத்து 1 லிட்டர் ஆக்கினா 1 மில்லில 1 மில்லிகிராம் குரோமியம். இதை ஃபில்டர் பண்ணி, ப்ராத்தை (பாக்டீரியா வளர்க்கிற சத்து திரவம்) ஆட்டோகிளேவ்ல நீராவி அழுத்தத்துல சூடு பண்ணி ஆறின அப்புறம் சேருங்க, சேர்த்து சூடு பண்ணா ப்ராத்தே குரோமியத்தை மூணாம் நிலைக்கு இறக்கிடும்.

இப்போ முக்கியமான விஷயம், மூணு ஃபிளாஸ்க் வேணும்: ஒண்ணுல உயிரோட பாக்டீரியா, ஒண்ணுல சூடு பண்ணி சாகடிச்சது, ஒண்ணுல வெறும் ப்ராத். செத்த செல்லு மேலயும் குரோமியம் ஒட்டிக்கும், செத்த செல், வெறும் ப்ராத் இந்த ரெண்டும் இல்லாம கைடு கேள்வி கேட்டா முழிப்பீங்க. அப்பப்போ சாம்பிள் எடுத்து சென்ட்ரிஃபியூஜ் பண்ணி மேல் தண்ணிய நல்லா டைல்யூட் பண்ணுங்க, கொஞ்சம் சல்பூரிக் ஆசிட், அசிட்டோன்ல கரைச்ச டைஃபினைல்கார்பசைடு விட்டா, ஆறாம் நிலை இருந்தா ஊதா வரும், பத்து நிமிஷம் கழிச்சு 540 நானோமீட்டர்ல ரீடிங். டைஃபினைல்கார்பசைடு கரைசல் பழுப்பாயிடுச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு புதுசு போடுங்க.

அதோட மொத்த குரோமியத்தையும் ஏஏஎஸ்ல (உலோக அளவு பார்க்கிற அணு உறிஞ்சல் கருவி) பாருங்க. ஆறாம் நிலை இறங்கி, தண்ணில மொத்தம் அப்படியே இருந்தா மாத்தம் நடந்திருக்கு. மொத்தமும் இறங்குச்சுன்னா அடில இருக்கிற செல்லை ஆசிட்ல கரைச்சுப் பார்க்கணும், குரோமியம் அங்க போயிருக்கான்னு.

மண்ணுல நேரா போட பிளான் இருந்தா மாங்கனீஸும் டெஸ்ட் பண்ணுங்க, மாங்கனீஸ் ஆக்சைடு மூணாம் நிலைய திரும்ப ஆறாக்கிடும். மிச்ச கரைசலை சிங்க்ல ஊத்தாம தனி பாட்டில்ல லேபிள் ஒட்டி லேப்ல குடுத்துடுங்க.