கிணற்றுக்கு ஒரு கணக்கு நோட்டு: தண்ணீரை அளந்து பயிர் வைப்பது எப்படி?

காங்கேயம் பக்கம் வருடத்துக்கு 700 மில்லிமீட்டர் மழைகூடக் கிடைப்பதில்லை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். அடியில் பாறை. அதன் வெடிப்புகளிலும் மேலே சிதைந்த பகுதியிலும் தங்கும் தண்ணீர்தான் நம் கிணற்றுக்கு வருகிறது. ஆனால் கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால், ‘மோட்டார் ரெண்டு மணி நேரம் ஓடும்’ என்கிறோம். மோட்டாரை மாற்றினால் அந்த அளவும் மாறிவிடும். லிட்டரில் தெரிந்துகொள்ளத் தேவையானவை ஒரு கயிறு, ஒரு கல், ஒரு நோட்டு.

1. இருப்பை அளப்பது

கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டுங்கள். கிணற்று மேட்டில் பெயின்டால் ஒரு குறி வைத்து, எப்போதும் அந்த இடத்திலிருந்தே விடுங்கள். விடியற்காலையில், மோட்டார் போடும் முன் அளப்பது நல்லது. கல் தண்ணீரைத் தொடும் ஆழம் ஒன்று, தரையைத் தொடும் ஆழம் ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்ணீரின் உயரம்.

8 மீட்டருக்கு 8 மீட்டர் சதுரக் கிணறு, 5 மீட்டர் தண்ணீர் என்றால், 8 × 8 × 5 = 320 கன மீட்டர், அதாவது 3,20,000 லிட்டர். பெரிதாகத் தெரியும். ஆனால் ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் கட்டவே சுமார் 2 லட்சம் லிட்டர் போய்விடும். நிறைந்து நிற்கிற கிணறு, ஒன்றரைத் தண்ணீர்தான்!

2. ஊற்றை அளப்பது

இருப்பைவிட முக்கியம் இதுதான். சாயங்காலம் மோட்டாரை நிறுத்தியதும் ஒருமுறை, காலையில் ஒருமுறை அளந்து எழுதுங்கள். 12 மணி நேரத்தில் அரை மீட்டர் ஏறியிருந்தால் 8 × 8 × 0.5 = 32 கன மீட்டர்; ஓர் இரவில் 32,000 லிட்டர் ஊறியிருக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய அவ்வளவை மட்டும் இறைத்தால் இருப்பு அதிகம் குறையாது. வெயில் காலத்தில் முழுதாக வளர்ந்த பயிர் ஓர் ஏக்கரில் நாளுக்கு 5 மில்லிமீட்டர், அதாவது சுமார் 20,000 லிட்டர் குடிக்கும் என்று வையுங்கள். அப்படியானால் இந்த ஊற்று தாங்குவது ஒன்றரை ஏக்கர்.

மாசியில் ஊறுவது சித்திரையில் ஊறாது. அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அளக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்து அண்ணனையும் அளக்கச் சொல்லுங்கள். இரண்டு கிணற்றுக்கும் பாறை வெடிப்பு ஒன்றாகவே இருக்கலாம்.

3. பயிரை முடிவு செய்வது

விதைப்பிலிருந்து அறுவடை வரை நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். கரும்புக்கு 2,000 ஆகும். நிலக்கடலைக்கு 500, பயறு வகைகளுக்கு 300 அளவில் போதும். தை மாதக் கடைசியில் நோட்டைப் பார்த்துத்தான் கோடைப் பயிரைப் பேச வேண்டும். மகாராஷ்டிரத்தில் ஹிவாரே பஜார் என்ற கிராமம் இப்படி ஊராகவே கூடி, மழையையும் தண்ணீரையும் கணக்குப் பார்த்துப் பயிரைத் தீர்மானிக்கிறது. பாசனத்துக்குப் போர் போடுவதில்லை என்றும் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள்.

தண்ணீர் பற்றாத துண்டு நிலத்தைக் கொறங்காடாக விடுங்கள். கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். இறைத்துப் பாய்ச்சாமலே மாடு மேய்கிற நிலம் அது. நம் முன்னோர் கண்டுபிடித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

4. மழையை நிலத்திலேயே நிறுத்துவது

ஓர் ஏக்கரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதுவும் 2 லட்சம் லிட்டர், அதாவது ஒரு முழுத் தண்ணீர். அதை ஓடவிட்டால் மேல்மண்ணும் கூடப் போகும்.

முதலில் கோடை உழவு. ‘சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்’ என்பார்கள். சாய்வுக்குக் குறுக்கே உழுங்கள். சாய்வோடு உழுதால் ஒவ்வொரு சாலும் வாய்க்காலாகிவிடும்.

அப்புறம் வரப்பு. சமமட்டம் பார்க்க, கொத்தனார் வைத்திருப்பது போன்ற தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் போதும். ஒரே உயரமுள்ள இரண்டு குச்சிகளில் குழாயின் இரு முனைகளையும் கட்டுங்கள். ஒருவர் ஓரிடத்தில் நிற்க, இன்னொருவர் சாய்வில் மேலும் கீழும் நகர வேண்டும். இரு குச்சியிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கிற இடத்தில் முளை அடியுங்கள். முளைகளை இணைத்தால் கோடு வளைந்து வளைந்துதான் போகும். அதை நேராக்க வேண்டாம். அந்தக் கோட்டில் முழங்கால் உயரத்துக்கு வரப்பு போட்டு, மேலே கொழுக்கட்டைப் புல் நடுங்கள். மிஞ்சிய தண்ணீர் போக, கல் பதித்த ஒரு வழி கட்டாயம் வேண்டும். எங்கள் காட்டில் அப்படி வழி வைக்காமல் போட்ட முதல் வரப்பு ஒரே மழையில் உடைந்து, கீழே இருந்த வரப்பையும் இழுத்துக்கொண்டு போனது.

5. மிஞ்சியதைக் கிணற்றுக்கு விடுவது

கிணற்றை ஒட்டி வெட்டாமல் சில மீட்டர் தள்ளி, 2 மீட்டர் நீள, அகல, ஆழத்தில் ஒரு குழி எடுங்கள். அடியில் பெரிய கல், நடுவில் ஜல்லி, மேலே மணல். குழியின் அடியிலிருந்து ஒரு குழாயைக் கிணற்றுக்குள் நீட்டிவிடுங்கள். வாய்க்கால் தண்ணீரை நேராகக் கிணற்றில் விட்டால் வண்டல் படிந்து ஊற்றுக்கண் அடைபடும். மாட்டுக்கொட்டகைத் தண்ணீரும் மருந்தடித்த வயல் தண்ணீரும் இதற்கு ஆகவே ஆகாது. மணல் அவற்றைச் சுத்தப்படுத்திவிடாது.

ஒவ்வொரு புரட்டாசியிலும் மேல் மணலை ஒரு சாண் வாரி, வண்டலைக் கழுவிவிட்டுத் திரும்பப் போடுங்கள்.